விரல் நுனியில் ஊர்ந்த எறும்பு: ஒரு சீகோங் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில் ஒரு பொதுப் பூங்கா. காலை 7 மணிக்கு வெளிச்சம் சரியாக வந்திருக்காது. அதற்குள் மரத்துக்கு ஒரு கூட்டம் நிற்கும். ஒரு பக்கம் விசிறி நடனம், இன்னொரு பக்கம் தைச்சி, மேட்டின் மேல் எங்கள் சீகோங், மூச்சும் மெதுவான அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சி. எங்கள் குழுவின் 25 பேரில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய சீனர்கள். தமிழர்கள் என்னைச் சேர்த்து நான்கு பேர். நான் ஓய்வுபெற்ற இயன்முறைச் சிகிச்சையாளன். புதியவர்களுக்கு முட்டியையும் முதுகையும் எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டுவது வகுப்பில் என் வேலை. இதில் வரும் அம்மையாரும் எங்கள் ஆசிரியரான சிஃபுவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சிஃபுவுக்கு வயது 71. ஹொக்கியனும் மலாயும் கலந்து பேசுவார். கட்டணம் கிடையாது, சீனப் புத்தாண்டுக்கு யாராவது ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார். வகுப்பின் முதல் பாதி பாதுவான்ஜின், அதாவது ‘எட்டுத் துண்டுப் பட்டு’ என்று பெயர்பெற்ற எட்டு அசைவுகள். அடுத்தது மரம்போல நிற்பது: முழங்கால் சற்றே மடங்கி, கைகள் இரண்டும் ஒரு பெரிய பானையை அணைத்தாற்போல. அந்த நிலையில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. சிஃபு மாண்டரினில் உரக்க எண்ணுவார். நான்கு எண்ணும்வரை உள்ளே, நான்கு எண்ணும்வரை நிறுத்தல், நான்கு எண்ணும்வரை வெளியே. இடையிடையே “ஆழமாக, இன்னும் ஆழமாக” என்பார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் ஒரு படத்தைக் காட்டுவது வழக்கம். ஹூனான் மாநிலத்து மவாங்துயியில் 1973இல் தோண்டிய கல்லறையில் கிடைத்த பட்டு ஓவியத்தின் நகல் அது. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். 44 உருவங்கள் கையை நீட்டியும் குனிந்தும் பயிற்சி செய்துகொண்டிருக்கும். “இரண்டாயிரம் வருடத்துக்கு மேல்” என்பார் சிஃபு, பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டே. பயிற்சிகளின் வயதைப் பற்றி அவர் சொல்வது சரிதான். ஆனால் ‘சீகோங்’ என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் பரவியது 1950களில்தான். லியூ குய்சென் என்பவர் தம் வயிற்றுப்புண்ணை இந்த மூச்சுப் பயிற்சி ஆற்றியது என்று சொல்லி, ஹெபெய் மாநிலத்துச் சுகாதார இல்லங்களில் அதைச் சிகிச்சை முறையாக நடத்தியபோது நிலைத்த பெயர் அது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, “எனக்குத் தலை சுற்றுகிறது” என்று வகுப்பில் எவரும் வாய் திறப்பதில்லை. இரண்டாயிரம் வருடத்துப் பயிற்சியில் குறை இருக்குமா, குறை நம்மிடம்தான் என்று இருந்துவிடுகிறார்கள்.

அம்மையாருக்கு 54 வயது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் சமைத்தவர். வகுப்பில் சேர்ந்தபோது கணவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தினமும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். நாலு வாக்கியம் பேசினால் ஒரு பெருமூச்சு வரும். துக்கப்படுகிறவர் பெருமூச்சு விடுவது இயல்புதானே என்று விட்டுவிட்டேன். என் தொழிலில் முப்பது ஆண்டு இருந்தவன் அதை அப்படி விட்டிருக்கக் கூடாது.

முதல் மூன்று வாரம்

தொடக்கம் நன்றாகவே இருந்தது. முதல் வாரத்திலேயே காலை நான்கு மணிவரை தூங்குகிறேன் என்றார். வகுப்பு முடிந்ததும் மற்ற பெண்களோடு பசியாறப் போனார். பத்து மாதமாக வீட்டு வாசலைத் தாண்டாதவருக்கு அதுவே பெரிய மாற்றம். மூச்சைவிட அந்தத் தோசைக்கடைப் பேச்சுதான் அதிகம் உதவியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு.

“அண்ணே, இன்று விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. சீ வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்த சீனத்து அக்கா சொன்னார்.”

(தமிழில் இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் ஒரு சங்கடம், அருவருப்புக்குச் சொல்வதும் இதே எழுத்து. சீனத்தில் அதற்கு மூச்சு, காற்று, உயிராற்றல் என்று பல பொருள் உண்டு. ‘கோங்’ என்றால் பல நாள் உழைத்துப் பெறும் தேர்ச்சி.)

நான் சிரித்துத் தலையாட்டினேன். எதுவும் கேட்கவில்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் பெரிய தவறு அந்தத் தலையாட்டல்தான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கை வெதுவெதுப்பாக இருந்ததா, சில்லென்று இருந்ததா?

நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை

நிற்கும் பயிற்சி தொடங்கி ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அவர் மூன்றாம் வரிசை, நான் ஐந்தாம் வரிசை. முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய வலது கை. பானையை அணைத்த நிலையில் இருக்க வேண்டிய கை, குழந்தைக்குச் சோறு ஊட்டக் குவித்ததுபோல இறுகியிருந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. மற்ற நான்கு விரல்களும் நீட்டியபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அதை விரிக்கப் பார்த்தார், விரியவில்லை.

நான் போவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நெஞ்சை அடைக்கிறது அண்ணே. நான் பிழைக்க மாட்டேன்.” உதட்டைச் சுற்றி மரத்துப்போயிருந்தது. உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. வாய் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதுவரை ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக் குழி உள்வாங்கியது. அரை நிமிடம் எண்ணினேன்: 15 மூச்சு. ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும்; இவருக்கு 30. நாடித் துடிப்பு 118.

சுற்றி நின்றவர்களிடம் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. சீ தலைக்கு ஏறிவிட்டது என்றார் சிஃபு. அடைப்பு திறக்கிறது, நல்ல அறிகுறி, விடாமல் நிற்கச் சொல்லுங்கள் என்றார் மூத்த மாணவர் ஒருவர். மாரடைப்பு என்று நம்பினார் அம்மையார். எனக்குள் ஓடியது, இது அதிகமாக மூச்சு விட்டதால் வந்தது என்பது.

அப்போது எடுத்த முடிவுகள்

என் ஊகம் சரியாக இருக்கலாம் என்பது போதாது. 54 வயது, இரத்த அழுத்தம், நெஞ்சில் அடைப்பு. பூங்காவில் நின்றுகொண்டு இது இதயமில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சிஃபுவும் மறுக்கவில்லை.

வண்டி வரும்வரை அவரை மரத்தின் வேரில் சாய்த்து உட்கார வைத்தோம். கூட்டத்தை விலக்கினோம். ஒருவர் காகிதப் பை கொண்டு வந்தார், அதற்குள் மூச்சு விடச் சொல்ல. வேண்டாம் என்றேன். உண்மையில் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தால், பைக்குள் மூச்சு விடுவது உடலில் பிராண வாயுவைக் குறைத்து ஆபத்தாகிவிடும். “உள்ளே இழுப்பதைப் பற்றி நினைக்க வேண்டாம் அம்மா, சூடான கோப்பியை ஊதுவது போல மெல்ல ஊதுங்கள்” என்று மட்டும் சொன்னேன். ஐந்தாறு நிமிடத்தில் கட்டைவிரல் விரிந்தது. விரிந்தபோதும் வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

அவசரப் பிரிவில் ஈசிஜி இயல்பு. சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் இயல்பு. பதற்றத்தோடு சேர்ந்த மிகைச் சுவாசம் என்று எழுதி, வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

எங்கே பிசகியது

மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். “வீட்டில் எப்படிச் செய்கிறீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள்” என்றேன். வகுப்பில் பத்து நிமிடம் செய்தவருக்கு இப்படி ஆகுமா என்பது எனக்குப் புதிராகவே இருந்தது.

அவர் சாப்பாட்டு மேசையில் சுடுநீர்க் குடுவைக்குச் சாய்த்துக் கைப்பேசியை நிறுத்தினார். காணொளி ஓடியது. காலையிலும் இரவிலுமாக நாற்பது நிமிடம் அதைப் பார்த்துச் செய்துவந்திருக்கிறார். அதில் கற்றுத்தந்தது ‘எதிர்மூச்சு’: மூச்சை இழுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்து, விடும்போது வெளியே தள்ளுவது. பல ஆண்டு பழகியவர்கள் செய்வது அது. புதியவர் செய்தால் மூச்சு நெஞ்சுக்கும் தோளுக்கும் ஏறிவிடும். போதாததற்கு, அவருடைய அண்ணன் தொலைபேசியில் திருமூலரின் 16:64:32 கணக்கைச் சொல்லியிருக்கிறார்: இழுப்பது 16, நிறுத்துவது 64, விடுவது 32 மாத்திரை நேரம். முழுதும் முடியாமல் அதில் பாதியை இவர் முயன்றிருக்கிறார். நிறுத்தி முடித்ததும் தண்ணீரிலிருந்து தலை தூக்கியவர்போல வாயால் அள்ளி அள்ளி இழுப்பார். அதை நேரில் பார்த்தேன். குருவின் அருகிலிருந்து ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியதை, ஒரு சீனப் பயிற்சியின் மேல் தொலைபேசி வழியே ஏற்றிவைத்தால் வேறென்ன நடக்கும்?

வகுப்பின் பங்கும் இருந்தது. கைப்பேசியில் பதிவான சிஃபுவின் எண்ணிக்கையை அளந்து பார்த்தேன். நான்கு எண்ண அவர் எடுத்துக்கொண்டது இரண்டு வினாடி. அப்படியானால் ஒரு சுற்று ஆறு வினாடி, நிமிடத்துக்குப் பத்து மூச்சு. கேட்டால் மெதுவான மூச்சு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் “இன்னும் ஆழமாக”. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சு சுமார் அரை லிட்டர், நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று. நெஞ்சு நிறைய இரண்டு லிட்டர் இழுத்தால், பத்து மூச்சுக்கு இருபது லிட்டர். அசையாமல் நிற்கும் உடம்புக்கு இது மூன்று மடங்கு.

அதிகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. பலரும் அதைக் கழிவு என்று மட்டும் நினைக்கிறார்கள். உடம்புக்கு அது ஓரளவு தேவை. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். இரத்தம் காரத்தன்மை அடைவதால், தனித்து உலவும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நரம்புகள் சிலிர்த்து, விரலிலும் உதட்டிலும் எறும்பு ஊரும். முற்றினால் கை குவிந்து இறுகும். உடனே பயம் வரும், பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும்.

இரண்டாம் வாரத்தில் அவர் பூரிப்போடு சொன்ன எறும்பு இந்த எறும்புதான். மனம் அமைதியாகும்போதும் கையில் ஒரு உணர்வு வரும். ஆனால் அது வேறு: இரத்தக் குழாய் விரிவதால் உள்ளங்கை வெதுவெதுப்பாகும், கனமாகும், உமிழ்நீர் சுரக்கும். மிகைச் சுவாசத்தில் கை சில்லிடும், வாய் உலரும், உதட்டோரம் ஊசி குத்தும். வகுப்பில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ‘சீ வந்துவிட்டது’.

இன்னொன்றையும் விசாரித்தேன். சீனாவில் 1980களிலும் 90களிலும் சீகோங் மோகம் உச்சத்தில் இருந்தபோது, அளவுமீறிப் பயின்ற சிலருக்கு மனம் பிறழ்ந்தது. ‘நெருப்பு தடம்புரண்டு பேய் புகுந்தது’ என்று அதற்கு மரபில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994ஆம் ஆண்டுக் கையேட்டிலும் அது இடம்பெற்றது. அதனால், குரல் கேட்கிறதா, யாரோ உங்களை இயக்குவதாகத் தோன்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். “அவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் அண்ணே, வரமாட்டேன் என்கிறார்” என்று கணவரின் படத்தைப் பார்த்தார். அது துக்கம், நோயில்லை.

சிஃபுவிடம் பேசியது

இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மாணவர்கள் முன்னால் சொன்னால் அவருடைய முகம் போய்விடும். வகுப்பு இல்லாத நாளில் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன்.

அவருடைய கணிப்பு மாறவில்லை. துக்கத்தின் வீடு நுரையீரல். அங்கே அடைபட்டது மேலே ஏறியது. அதைத் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே உள்ள தான்தியெனுக்கும் பாதத்துக்கும் இறக்க வேண்டும். சீயை அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை என்பதால் அந்த விளக்கத்தை நான் ஏற்கத் தேவையில்லை. ஆனால் அவர் சொன்ன மாற்று எனக்குப் பிடித்தது. கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோனால் தோள் தானாகத் தளரும், மூச்சு அடிவயிற்றுக்கு இறங்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். தம் குரலிலேயே, இரண்டு வினாடிக்குள் நான்கு. அவர் கோப்பியைத் தட்டில் ஊற்றி, ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து, பழைய சீன ஞானி மென்சியஸ் சொன்ன கதையை எனக்குச் சொன்னார். நாற்று வளரவில்லையே என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, “இன்று பயிருக்கு நிறைய உதவினேன்” என்று வீட்டுக்கு வந்த சுங் நாட்டு உழவனின் கதை. மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் வாடிக் கிடக்கிறது. “நான் இருபது பேருடைய நாற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்” என்றார்.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷியி என்ற பௌத்தத் துறவியின் வகைப்பாட்டையும் அவரே நினைவுபடுத்தினார். மூச்சு நான்கு விதம். சத்தம் கேட்டால் காற்று. சத்தமில்லாமல் தடுக்கினால் இரைப்பு. தடுக்காமல் ஓடியும் நுண்மை இல்லாவிட்டால் வெறும் மூச்சு. இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி இழையாக ஓடுவதே ஓய்வு. எங்கள் வகுப்பில் பத்தடி தூரத்தில் நின்றால் 25 பேருடைய மூச்சும் கேட்கும்.

மாற்றிய பயிற்சி

அம்மையாருக்கு இரண்டு வாரம் நிற்கும் பயிற்சி நிறுத்தம். பாதுவான்ஜின் அசைவுகள் மட்டும். மூச்சைக் கவனிக்கவே வேண்டாம். கை உயர்ந்தால் மூச்சு தானே வரும். காணொளி நிறுத்தம். மூச்சை அடக்குவது அறவே கிடையாது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது எப்படியும் ஆகாது. “சீகோங் செய்கிறேனே, மாத்திரையை விட்டுவிடலாமா” என்று அவர் கேட்டதற்கு, அதைக் கிளினிக் மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்று நானும் சிஃபுவும் ஒரே குரலில் சொன்னோம்.

வீட்டில் இரவு ஐந்து நிமிடம்: மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒரு கை தொப்புளுக்குக் கீழே. மூக்கால் சிறிதளவு இழுப்பது, பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று மெல்ல விடுவது, அடுத்த மூச்சு தானாக வரும்வரை சும்மா இருப்பது. ஆறு ஒலிப் பயிற்சியில் நுரையீரலுக்கு உரிய ஒலி இது. துக்கம் நுரையீரலில் என்பதால் சிஃபு அதைத் தேர்ந்தார். பல்லிடுக்கில் விட்டால் காற்று மெதுவாகத்தான் போகும், விடும் நேரம் நீளும் என்பதால் நான் ஒப்புக்கொண்டேன். காரணம் வேறு வேறு. அம்மையாருக்குக் கிடைத்தது ஒரே பயிற்சி.

அடுத்த பன்னிரண்டு வாரம்

முதல் இரண்டு வாரமும் அவருக்கு வகுப்புக்கு வரவே பயம். தோசைக்கடைக்கு மட்டும் வந்தார். வரட்டும் என்று விட்டோம். மூன்றாம் வாரம் நிற்கும் பயிற்சிக்குத் திரும்பினார், இரண்டு நிமிடம்.

ஐந்தாம் வாரம் கணவரின் முதல் ஆண்டுத் திதி. சமையல், உறவினர், அழுகை. மாலையில் விரலில் மீண்டும் எறும்பு. இந்த முறை அவர் யாரையும் கூப்பிடவில்லை. அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, ‘ஸ்ஸ்’ என்று விட்டிருக்கிறார். “குக்கர் ஆவி விடுவது போல இருந்தது அண்ணே, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது” என்றார். கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

பன்னிரண்டாம் வாரம் ஓய்வில் அவருடைய மூச்சு நிமிடத்துக்கு 13. நான்கரை மணிவரை தூக்கம். பெருமூச்சு குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் 146/88இலிருந்து 134/82க்கு இறங்கியது; ஆனால் ஆறாம் வாரத்தில் மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருந்தார், அம்மையார் உப்பையும் குறைத்திருந்தார். அந்தப் பெருமையை சீகோங்கின் கணக்கில் எழுத முடியாது. தூக்கம்கூட, ஆண்டுத் திதி கடந்ததால் வந்த தெளிவாக இருக்கலாம்.

எல்லோருக்கும் இந்த மாற்றம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கையும் மூச்சடக்கலும் போனதும், “இது கிழவிகள் பயிற்சியாகிவிட்டது” என்று மூத்த மாணவர்கள் மூன்று பேர் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர், அன்று விடாமல் நிற்கச் சொன்னவர்.

மீண்டும் செய்தால்

புதிதாகச் சேர்கிறவரிடம் இப்போது முதல் நாளே சில கேள்விகள் கேட்கிறோம்: என்ன மாத்திரை, நெஞ்சுவலி உண்டா, வலிப்பு உண்டா, மனநல சிகிச்சை எடுத்ததுண்டா, அண்மையில் வீட்டில் இறப்பு நேர்ந்ததா. இரண்டாம் வாரத்தில் இன்னொரு கேள்வி: வீட்டில் வேறு என்ன செய்கிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் திகைக்க வைக்கின்றன. ஒருவர் மூன்று காணொளிகளை மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்.

நான் ஐந்தாம் வரிசையில் நிற்பதில்லை. நிற்கும் பயிற்சியின்போது முன்னாலிருந்து தோள்களையும் கட்டைவிரல்களையும் பார்த்தபடி சுற்றி வருகிறேன். மரத்துப்போகிறது, கிறுகிறுக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்கு மூச்சுப் பயிற்சி அத்துடன் முடிந்தது. உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கலாம்.

சிஃபு எண்ணுவதை விட்டுவிட்டார். ஆனாலும் நாற்பது ஆண்டுப் பழக்கம். அமைதியாக நிற்கும்போது சில நாள் “யீ...” (ஒன்று) என்று தொடங்கிவிடுவார். இரண்டாம் வரிசையில் நிற்கும் அம்மையார் கண்ணைத் திறந்து அவரைப் பார்ப்பார். சிஃபு இருமி, தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.